அபயத்துக்கு முளைத்த கால்

வெள்ளாறு இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு ஓடிய ஓர் ஆவணி மாலை. மேற்கே செவ்வானம் மங்கிக்கொண்டிருக்க, கிழக்கே முழுநிலா மருத மரங்களுக்குப் பின்னால் தயங்கி நின்றது. தென்கரை நாணற்புதர்களுக்குள் முந்நூறு வீரர்களுடன் பதுங்கியிருந்த இளவரசன் அரிகண்டன், கையிலிருந்த நறுக்கோலையை ஏழாவது முறையாகப் பார்த்தான். எத்தனை முறை பார்த்தாலும் எழுதியது மாறிவிடுமா, என்ன?

அக்கரைக் கோட்டை அவன் தந்தையுடையது. இப்போது அதில் வீற்றிருந்தவர், அதை அபகரித்த சிற்றப்பர். அரண்மனையில் ஓலை எழுதுபவரின் மகளும் அவன் மனம் கவர்ந்தவளுமான உமையாழ்வி, இன்று நீர்வாயிலைத் திறந்து வைப்பதாக வாக்களித்திருந்தாள். வழி பத்திரமென்றால் 'அபயம்' என்று எழுதுவாள்; இல்லையேல் 'அபாயம்'. வந்த ஓலையில் அபாயம் என்றே இருந்தது. பின்வாங்கும்படி அவனது ஆணையும் பிறந்துவிட்டது.

ஒரே ஒரு கால் வித்தியாசத்தில் அடையாளச் சொற்கள் வைப்பார்களா என்று வாசகர்கள் நகைக்கலாம். காதலர் செய்யும் ஏற்பாடு வேறெப்படி இருக்கும்? அவனுக்கு வடமொழி கற்பித்த நாளில் அவள் சொல்லியிருந்தாள்: "அபயமும் அபாயமும் பார்வைக்கு உடன்பிறப்புகள், பிறப்பிலோ உறவே இல்லை. அபயம் பயமின்மை. அபாயம் முதலில் விலகிப் போவதையே குறித்தது. ஆபத்தென்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தாங்கள் விலகிப் போனால் எனக்கு அந்த இரண்டு பொருளும் ஒன்றுதான்."

நிலா மரங்களுக்கு மேலே வந்தது. ஓலையில் வெளிச்சம் விழுந்ததும் அரிகண்டன் அதைக் கண்ணருகே கொண்டுபோனான். எழுத்துகளெல்லாம் மை தடவிக் கறுத்திருந்தன. அந்தக் கால் மட்டும் மையின்றி வெளுத்து, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றது. ஓலையில் கீறியதை அழிக்க முடியாது, சேர்க்க முடியும். இடையில் அதைத் தொட்டவனோ ஒருவன்தான்: ஐந்தாண்டுகளாக நிழலாய்த் திரிந்த தோழன் ஐயாறன். எழுத்தறியாதவன் என்பதற்காகவே தூதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன்.

அரிகண்டன் அவனை அழைத்து ஓலையை நீட்டினான்.

"ஐயாறா, கருக்கலில் தவறாகப் படித்துவிட்டேன். அபயம் என்றல்லவா எழுதியிருக்கிறாள்? ஆற்றைக் கடப்போம்."

"அவசரப்பட வேண்டாம், இளவரசே. கால் தெளிவாக இருக்கிறதே."

சொன்ன பிறகுதான் ஐயாறன் நாக்கைக் கடித்துக்கொண்டான். எழுத்தறியாதவனுக்குக் கால் ஏது, கொம்பு ஏது?

"நீ யார்?" என்றான் அரிகண்டன்.

"தங்கள் சிற்றப்பரின் ஒற்றன். அவருடைய ஓலைச்சாலையில் எழுதிப் படித்து வளர்ந்தவன்." ஐயாறன் தலை தாழ்ந்தது. "தாங்கள் இட்ட சோற்றை மறக்கவில்லை. அதனால்தான் தங்கள் தலையைக் கொண்டுபோகாமல், தாங்கள் விலகிப் போனால் போதுமென்று நினைத்தேன்."

"அவள் கதி?"

"நிலா கோட்டை மதிலுக்கு மேல் வந்ததும் காவல் மாறும். கையில் சாவியோடு அகப்படுவாள்."

அரிகண்டனுக்குக் கோபத்தைவிட வேதனையே முந்தியது. ஒரே இலையில் உண்டவன் அல்லவா?

"காலை வாரியவர்களைக் கண்டிருக்கிறேன், ஐயாறா. கால் வைத்துக் கவிழ்த்தவனை இன்றுதான் கண்டேன்."

அவன் குரல் தழுதழுத்த அந்தக் கணமே ஒற்றனுக்குப் போதுமானதாயிற்று. ஐயாறன் துள்ளி வெள்ளத்தில் பாய்ந்தான். அம்புகள் தண்ணீரைத்தான் தைத்தன. அவன் தலை கோட்டையை நோக்கி விரைந்தது.

"செய்தி போய்விடும், இளவரசே," என்றார் படைத்தலைவர் மெதுவாக. "அவன் பொய்யாய் எழுதியது இப்போது மெய்யாகிவிட்டது. அபாயம்தான்."

"ஆபத்து வரட்டும். அந்தச் சொல்லின் முதற்பொருளுக்கு மட்டும் நான் இடங்கொடேன். இந்த ஆற்றின்மேல் ஆணை, அவளை விட்டு விலகமாட்டேன்."

ஓலையைக் கச்சையில் செருகிக்கொண்டு, அரிகண்டன் வெள்ளத்தில் முதற்காலை எடுத்து வைத்தான்.