நீலக் களிம்பில் ஒரு சுழி

வந்தவர் கால்மிதியில் காலைத் துடைத்தார். ஒரு தடவை போதாதென்று மறுபடியும் துடைத்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு, சரியாகத்தான் சாத்தினோமா என்று கைப்பிடியை இழுத்தும் பார்த்தார். இப்படிப்பட்ட ஆள் கவனக்குறைவாக ஒரு தப்பு செய்துவிட்டார் என்று ஊரே திரண்டு வந்து சொன்னாலும் நம்புவது கஷ்டம். ஆனால் அதைத்தான் சொல்லிவிட்டார்களாம்.

"நான் மருந்தை மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்றாங்க, மேடம்" என்றார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு.

அவர் மேடம் என்று அழைத்தது அண்ணியை. தடயவியல் ஆய்வகத்தில் பல வருடம் கறைகளையும் துகள்களையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, இப்போது வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பிறருடைய சிக்கல்களை அவிழ்க்கிறார். பக்கத்தில் எப்போதும் கொழுந்தன் இருப்பான். பகலில் இன்சூரன்ஸ் விற்பதாகப் பேர். மிச்ச நேரமெல்லாம் அண்ணிக்குச் சம்பளமில்லாத உதவியாளன். வீட்டில் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுவான். பதில் தப்பாக இருக்கும், அது வேறு விஷயம்.

"யாரோ உங்களை மாட்டி விட்டிருக்காங்க" என்றான் அவசரம் உடனே.

"அவர் இன்னும் ஒண்ணுமே சொல்லல. முதல்ல தண்ணி குடிங்க" என்றார் அண்ணி.

வந்தவர் ஒரு தோல் மருத்துவமனையில் மருந்தாளுநர். நோயாளிக்குத் தகுந்தபடி களிம்புகளைக் கலந்து டப்பாவில் அடைத்துக் கொடுப்பவர். இப்போது அங்கே ஒரு புதுக் களிம்பைச் சோதித்துப் பார்க்கிறார்களாம்.

"காப்பர் பெப்டைடுன்னு பேரு. புரதத்தோட சின்னத் துண்டு. மூணே மூணு அமினோ அமிலம் கோத்தது. அது ஒரு செம்பு அணுவைக் கவ்விப் பிடிச்சிருக்கும். நம்ம ரத்தத்துலயே இயற்கையா இருக்கு, வயசாக வயசாகக் குறையும். அடிபட்ட இடத்துல 'இங்க வேலை இருக்கு, வாங்க'ன்னு செல்லுங்களைக் கூப்பிடுற மாதிரி வெச்சுக்கங்க. தோலுக்கு உறுதி குடுக்குற கொலாஜனை உண்டாக்கத் தூண்டுது." மருந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் தெம்பு வந்தது. "செம்பு இருக்குறதால அதுக்குன்னே ஒரு நீல நிறம் உண்டு."

அவசரம் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "சுருக்கமெல்லாம் போயிடும்னு விளம்பரம் வருதே, அதுதானே?"

"விளம்பரம் சொல்றதுல பாதிக்கு மேல இன்னும் நிரூபிக்கணும் சார். ஆய்வகத்துல நல்லா வேலை செய்யுது. மனுஷத் தோல்ல பாத்த ஆய்வெல்லாம் சின்னச் சின்னது. அதனாலதான் எங்க டாக்டரம்மா தானே பாத்துடலாம்னு ஆரம்பிச்சாங்க."

சோதனை எளிமையானது. பாதிப் பேருக்கு நிஜக் களிம்பு. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. வித்தியாசம் தெரியாமலிருக்க, கேக்குக்குப் போடும் நீலக் கலர் கலந்தது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டப்பாவை நிரப்பும் மருந்தாளுநருக்கு மட்டுமே தெரியும்.

அந்த நோயாளிகளில் ஒரு பேக்கரித் தம்பதி இருந்தார்கள். சர்க்கரைப் பாகு கொட்டி, கணவருக்கு முன்கை முழுக்கச் சுட்டிருந்தது, மனைவிக்கு இடது மணிக்கட்டில். புண் மூடி, புதுத் தோல் வரும் நேரத்தில் களிம்பு கொடுத்தார்கள். மனைவிக்கு நிஜக் களிம்பு, கணவருக்கு வெறும் களிம்பு. பாதி வழியில் மருந்தாளுநரின் பட்டியலோடு சரிபார்த்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. பெரிய காயக்காரரான கணவருக்குத் தோல் மழமழவென்று தேறிவிட்டது. மனைவிக்கோ இன்னும் சொரசொரப்பு, இறுக்கம். சந்தேகப்பட்ட டாக்டர் இருவரிடமும் இருந்த டப்பாக்களை வாங்கிச் சோதித்தார். கணவர் டப்பாவில் செம்பு இருந்தது, மனைவி டப்பாவில் இல்லை.

"டாக்டரம்மா சத்தம்கூடப் போடல. 'நீங்களா?'ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்குத் திட்டியே இருக்கலாம்" என்றார் மருந்தாளுநர். "இந்த வாரத்தோட என்னை நிறுத்திடுறாங்க. வேலை போனா வேற தேடிக்கலாம் மேடம். ஆனா மருந்தை மாத்திக் குடுத்தவன்னு பேர் வாங்கிட்டா, அப்புறம் என் கையால யாரு மருந்து வாங்குவாங்க?"

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க, அந்த டப்பாக்களைப் பாக்கலாம்."

போகும் வழியில் அவசரம் இரண்டு குற்றவாளிகளைக் கண்டுபிடித்தான். முதலில் போட்டிக் களிம்புக் கம்பெனி. திருப்பம் வந்ததும் டாக்டரே. அண்ணி இரண்டுக்கும் "ம்" கொட்டினார்.

டாக்டர் இளம் வயதுக்காரர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. மருந்தாளுநரை நேராகப் பார்க்க முடியாமல் டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் புது டப்பாக்கள், திறந்து ஓரிரு நாளே ஆனவை. டப்பாவின் பக்கவாட்டில் பேர் எழுதி ஒட்டிய சீட்டு, அதன்மேல் மருத்துவமனை முத்திரை. கிழிசலோ ஒட்டுப்போட்ட தடமோ இல்லை.

அண்ணி மூடிகளைத் திறந்தார்.

"ஐஸ்கிரீம் மாதிரி இருக்கே!" என்றான் அவசரம்.

உண்மைதான். ஒரு பக்கம் விரலால் எடுத்த பள்ளம் போக, நீலக் களிம்பு விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் குட்டியாய் ஒரு கொண்டை போட்டு முடிந்திருந்தது. இரண்டு டப்பாவிலும் அதே சுழி.

"நீங்க இப்படித்தான் நிரப்புவீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

மருந்தாளுநர் எட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இல்லையே. நான் டப்பாவை மேசையில தட்டித் தட்டிச் சமப்படுத்துவேன். மேல சப்பட்டையாத்தான் இருக்கும்."

"டாக்டர், களிம்பைக் குடுக்கும்போது நோயாளிங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். புளிப்பான எதுவும் அது மேல படக்கூடாது, எலுமிச்சை, வைட்டமின் சி கிரீம் எதையும் கூடப் பூசக்கூடாதுன்னு. அமிலம் பட்டா பெப்டைடு செம்பை விட்டுடும். நீலம் வெளுத்துடும், மருந்து வீணாயிடும்னு சொன்னேன்."

"அவசரம், ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா."

பேருக்கேற்றபடி அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். அண்ணி ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு களிம்பிலும் ஒவ்வொரு பொட்டு வைத்துச் சாற்றைப் பிழிந்தார். கணவர் டப்பாக் களிம்பு வெளுத்துப்போனது. மனைவி டப்பாக் களிம்பு அப்படியே நீலமாக இருந்தது.

"நாங்க பாத்ததும் இதேதான்" என்றார் டாக்டர் சோர்வாக. மருந்தாளுநரின் தலை இன்னும் தாழ்ந்தது.

"இன்னும் முடியல." அண்ணி ஒரு பஞ்சுக் குச்சியால் மனைவி டப்பாவின் மூடியை உள்பக்கமாக, மரை சுற்றும் பள்ளத்தில் அழுத்தித் துடைத்தார். பஞ்சில் ஒட்டி வந்த நீலத்தின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டார். நீலம் காணாமல் போனது. கணவர் டப்பாவின் மூடியிலிருந்து எடுத்த நீலமோ எவ்வளவு சாறு விட்டும் அசையவில்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவசரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டி வைத்தான்.

"அந்த பேக்கரி எங்க இருக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"எதிர்வரிசையிலதான்."

"எல்லாரும் ஒரு நடை போயிட்டு வரலாம்."

பேக்கரியில் கூட்டம் குறைந்திருந்த நேரம். உள்ளே வெண்ணெயும் வெந்த மாவும் மணத்தன. கணவர் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி சுழலும் பலகை மேல் ஒரு கேக்கை வைத்து, வலது கையில் தட்டைக் கத்தியுடன் கிரீம் பூசிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டை நீளக் கைச்சட்டை மூடியிருந்தது. பலகை சுற்றச் சுற்ற, கத்தி விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்து, லேசாக மேலே தூக்கி விலகியது. கேக்கின் நடுவில் குட்டியாய் ஒரு கொண்டை நின்றது.

அவசரத்தின் வாய் தானாகத் திறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தால் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

கணவர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். "என்ன டாக்டரம்மா, படையோட வந்திருக்கீங்க?"

"இவருக்கு வேலை போகப் போகுது" என்று மருந்தாளுநரைக் காட்டினார் அண்ணி. "உங்க ரெண்டு பேருக்கும் மருந்தை மாத்திக் குடுத்துட்டாருன்னு. ஆனா இவர் மாத்தல. டப்பாவை நிரப்பி முதல் தடவை மூடினப்போ மரையில ஒட்டினது அப்படியே இருக்கு. அக்கா டப்பா மூடியில நிஜ மருந்து, அண்ணன் டப்பா மூடியில வெறும் கலர். இவர் சரியாத்தான் குடுத்திருக்கார். டப்பா வீட்டுக்குப் போன பிறகுதான் உள்ள இருந்தது மட்டும் இடம் மாறியிருக்கு."

"எதுக்கு அவ்வளவு கஷ்டம்? ஆளுக்கொரு டப்பாவை மாத்தி எடுத்துக்க வேண்டியதுதானே?" என்று கேட்டான் அவசரம்.

"டப்பா மேல பேர் இருக்கே. பாத்தா மத்தவர் சும்மா இருப்பாரா? அதனால இது டாக்டருக்குத் தெரியாம செஞ்சது இல்ல. கூடவே இருக்குறவருக்குத் தெரியாம செஞ்சது."

"எது நிஜம்னு அப்போ எனக்கே தெரியாதே, வேற யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர்.

"எலுமிச்சைச் சாத்துல நீலக் கலரைக் கலந்தா நிறம் போகாதுன்னு தினமும் பாக்குறவங்களுக்குத் தெரியும். ஒரு களிம்பு மட்டும் வெளுத்தா, அது சாதாரணக் கலர் இல்லன்னு அவங்களுக்கு உடனே பொறி தட்டும். நீங்க சொல்லி அனுப்புனதும் ஞாபகம் வரும்." அண்ணியின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "மாத்தினவங்க யாருன்னு களிம்பு மேல இருந்த சுழியே சொல்லிடுச்சு. மறைச்சு செய்யிற வேலையைக்கூட அழகா முடிக்காம விட அந்தக் கைக்கு மனசு வரல."

எல்லார் கண்ணும் கேக்கின் மேல் போனது. மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"பாகுச் சட்டி என் முகத்துக்கு நேரா சரிஞ்சுச்சு" என்றார். "இவர் கையைக் குறுக்கே நீட்டினார். மிச்சம் தெறிச்சதுதான் எனக்குப் பட்டது. ஒரு நாள் ஐசிங்குக்கு எலுமிச்சை பிழிஞ்ச கையோட என் களிம்பைத் தொட்டேன், நீலம் போயிடுச்சு. இவர் டப்பாவுல தொட்டுப் பாத்தேன், போகல. எனக்கு நிஜ மருந்து, எனக்காகக் கையைக் குடுத்தவருக்கு வெறும் கலர். அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிப் பூசிக்கிறது? சொன்னா இவர் ஒத்துக்கவே மாட்டார். அன்னிலேருந்து ஒவ்வொரு டப்பா வரும்போதும் மாத்தி வெச்சேன்." மருந்தாளுநர் பக்கம் திரும்பியபோது அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "உங்க தலையில விடியும்னு சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்து சொல்லியிருப்பேன்."

மருந்தாளுநருக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று அவசரம்கூட எதிர்பார்க்கவில்லை.

கணவர் ரொட்டித் தட்டைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதை வைத்துவிட்டு, மனைவியின் கைச்சட்டையை மெல்ல மேலே தள்ளினார். சிவந்து, இழுத்துப் பிடித்தாற்போல இருந்தது மணிக்கட்டு.

"எனக்கு ஆறுதுன்னு தினமும் உன்கிட்ட கையைக் காட்டினேன். நீயும் சிரிச்சே" என்றார். "உனக்கு ஏன் ஆறலன்னு நான் ஒரு நாள்கூடக் கேக்கலையே."

அவசரம் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

டாக்டர்தான் முதலில் எழுந்தார். மருந்தாளுநர் முன்னால் போய் நின்றார். "என்னை மன்னிச்சுடுங்க. மூடியைத் திறந்து பாத்த எனக்கு, அந்தச் சுழியைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல. தப்பு முழுக்க என்னோடது. ஒரே வீட்டுல இருக்குற ரெண்டு பேருக்கு வேற வேற களிம்பு போற மாதிரி விட்டேன் பாருங்க! நீங்க எங்கேயும் போகக் கூடாது. இன்னைக்கே மருத்துவமனையில எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

மருந்தாளுநர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ மருந்து ஜெயிச்சிடுச்சு!" என்று உற்சாகமானான் அவசரம்.

"ரெண்டு பேரை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. அண்ணனோட தோலே சீக்கிரம் தேறுற தோலா இருக்கலாம்" என்றார் அண்ணி.

"ஆமா. மத்தவங்க முடிவெல்லாம் வரட்டும்" என்றார் டாக்டர். "இவங்க ரெண்டு பேரையும் சோதனையிலேருந்து எடுத்துடுறேன். இனிமே அக்காவுக்கு இது வெறும் வைத்தியம்தான். நிஜக் களிம்புல புதுசா ஒரு டப்பா குடுங்க."

கடைசி வாக்கியத்தை அவர் மருந்தாளுநரைப் பார்த்துச் சொன்னார். மருந்தாளுநர் தெருவைத் தாண்டி ஓடினார். திரும்பி வந்தபோது கையில் புது டப்பா இருந்தது. ஆனால் அதை நீட்டப்போன கை பாதியிலேயே தயங்கி நின்றுவிட்டது.

பேக்கரிக்காரர் எட்டி, அவர் கையோடு சேர்த்து டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இவளுக்கு நான்தான் தடவி விடப்போறேன். எவ்வளவு எடுக்கணும், எப்படித் தடவணும்? நீங்களே சொல்லுங்க தம்பி, நீங்க சொன்னபடி செய்யறேன்."

மருந்தாளுநர் டப்பாவை அவர் கையில் விட்டார்.

"முதல்ல கையை நல்லாக் கழுவிடுங்கண்ணே. ஒரு பட்டாணி அளவு போதும். அழுத்தாம, மெதுவா..."

பேக்கரிக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். மனைவி தன் கையை அவர் பக்கம் நீட்டினார்.