காகம் தொடாத வாழைக்காய்

சன்னாசிமலை ஆண்டவர் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய் கிடையாது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. காஜா பெராங் தெருவில் நடந்தது நடந்தபடி.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம், ஆவணி மாதம். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருந்தது. கோகிலா மட்டும் விடியுமுன்னே தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அரிவாள்மனையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அன்று அவள் கொழுந்தன் நல்லையாவுக்குத் திதி.

நல்லையா கப்பலில் சமையல்காரனாகப் போனவன். ஆள் கிளம்பி ஆறு மாதத்தில், கப்பல் முழுகிவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. அதற்குப் பிறகு வருஷந்தோறும் அவனுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலை இலையில் வைத்துப் படைத்தார்கள். இது பதினோராவது திதி. முந்தைய பத்துத் திதிக்கும் காகம் இலையைத் தொடவில்லை.

“ஏண்டி... அதுக்குள்ள கறுத்துப்போச்சே!” மாமியார் சாரதாம்பாள் வாசற்படியில் வந்து நின்றாள். “காய் சீவுறியா, எம்புள்ளைக்குச் சாபம் குடுக்கிறியா?”

“தண்ணியிலதான் போட்டிருக்கேன் அத்தை. வாழைக்காய்னா கறுக்கத்தானே செய்யும்...”

“எங்கையில கறுத்ததில்லையே! மனசு கறுத்தவ கைபட்டாத்தான் காய் கறுக்கும். அதான் காக்கா கிட்டவே வரமாட்டேங்குது. பத்து வருஷமா எம்புள்ள மேலோகத்துல பட்டினி கெடக்கிறான்... உன்னால! எல்லாம் உன்னால!”

சாரதாம்பாளின் குரல் சாதாரணக் குரல் இல்லை. அவள் பின்கட்டில் நின்று அழுதால் தெங்கேரா போகிற பஸ் நின்றுவிடும். யாரோ ஏறுவதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று டிரைவர் நினைத்துக்கொள்வார்.

கோகிலா அடுத்த காயை எடுத்துச் சீவினாள். எதிர்த்துப் பேசாமலே பத்து வருஷம் ஓட்டியிருந்தாள். வாழைப் பால் பட்டுப் பட்டு அவள் விரல்கள் எப்படிக் கறுத்திருந்தன என்றால், அடையாளக் கார்டுக்குக் கைரேகை எடுக்கப் போனபோது அங்கிருந்தவர் மைப்பெட்டியையே திறக்கவில்லை. உஜோங் பாசிரில் அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம் நடந்ததும் ஒரு திதி நாளில்தான். அங்கே தம்பி தாலி கட்டிக்கொண்டிருந்தான், இங்கே அக்காள் பொரியலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அஞ்சலை தலையை நீட்டினாள். “எங்க மாமனாருக்கு நாங்க இலை வச்சா, திரும்பிப் பாக்கிறதுக்குள்ள காலி, பெரியம்மா!”

அஞ்சலை வீட்டில் ஏழு கோழிகள் மேய்ந்ததை யாரும் யோசிக்கவில்லை.

“கேட்டியாடி?” சாரதாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். “இன்னைக்கும் காக்கா தொடலேன்னா, சமையக்கட்டுச் சாவியைக் கீழ வச்சிட்டு உன் தம்பி வீட்டுக்குக் கிளம்பு. சொல்லிட்டேன்!”

கோகிலா புருஷனைப் பார்த்தாள். தியாகு நல்ல மனுஷன். வீட்டில் சண்டை மூண்டால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். அன்று அவன் விரித்தது போன வாரத்துப் பேப்பர்.

உச்சிப்பொழுதில் கிணற்றடிச் சுவரின் மேல் இலை போட்டுச் சோறும் பொரியலும் வைத்தார்கள். “கா... கா... கா...” மூன்று பேரும் கூப்பிட்டார்கள். அரைமணி நேரம் கூப்பிட்டார்கள். சாரதாம்பாள் கூப்பிட்ட கூப்பாட்டில் அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர், என்ன வேணும் என்று கேட்டு வந்தார்கள். காகம் வரவில்லை.

“பாத்தியா... பாத்தியா...” என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தாள்.

அப்போதுதான் கோகிலாவுக்குப் பொறுமை அறுந்தது.

“போதும் அத்தை! இந்தக் கையைப் பாருங்க. கூடப் பிறந்தவனுக்கு அட்சதை போடாத கை இது! உங்க புள்ள இந்த வீட்டுல இருந்தப்ப, பசின்னு வந்து நின்னு நான் சோறு போடாத நாள் உண்டா? வராத காக்காவுக்கு நான் என்ன பண்ணுவேன்? பறந்து போயி காலைப் பிடிச்சு இழுத்துட்டா வரமுடியும்? சொல்லுங்க!”

அழுகை வரவில்லை. சலிப்புத்தான் வந்தது. சாவியை அம்மிக்கல் மேல் வைத்தாள். தகரப் பெட்டியைத் தூக்கினாள்.

“கோகிலா...” என்றான் தியாகு, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவள் நின்றாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் தடுத்துப் பேசப்போகிறான்!

“என்ன?”

“குடையை எடுத்துக்க. மழை வரும்போல.”

கோகிலா ஆகாயத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அந்தச் சமயம் கிணற்றடியில் இலை சரசரவென்றது.

சாரதாம்பாள் விழுந்தடித்து எழுந்து பின்வாசலுக்கு ஓடினாள். ஏறிட்டுப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக் கைகளைக் கூப்பினாள். “வந்துட்டியா என் ராசா... இந்தப் பாவியைத் தேடி வந்துட்டியா...”

“வந்துட்டேம்மா. இன்னும் கொஞ்சம் சோறு போடு.”

கண்ணைத் திறந்தால், ஆறடி ஆள் ஒருவன் தோளில் சாக்கு மூட்டையோடு இலையை வழித்து நக்கிக்கொண்டிருந்தான். நல்லையாதான்! வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. தியாகு பேப்பரைக் கீழே போட்டான்.

“எலே... நீ செத்துப்போயிட்டியேடா!” என்றாள் தாய்.

“கப்பல்தாம்மா செத்துச்சு. ஜமைக்காத் தீவுல கரை பிடிச்சப்ப, ஒரு அம்மா வீட்டுல வாழைக்காய் அவிச்சுப் போட்டாங்க. போதாதுன்னு ரெண்டாந்தரம் கேட்டேன். சாப்பிட்டு முடிச்சுத் துறைமுகத்துக்குப் போனா கப்பல் இல்ல. அது போயி முழுகிடுச்சு. நான் அந்தம்மா சமையக்கட்டுலயே தங்கிட்டேன். இப்பத்தான் இந்தப் பக்கம் வர்ற கப்பல் கிடைச்சுது.”

“ஒரு கடுதாசி போட்டா என்ன தம்பி?” கோகிலா பெட்டியோடு அவனை நெருங்கினாள். “ஒரே ஒரு கடுதாசி!”

“எனக்கு எழுதத் தெரியாதே அண்ணி. அங்க தமிழ் எழுதுற ஆளு கிடைக்கல.”

“இங்கிலீஷ்ல எழுதச் சொல்றதுதானே!”

“சொன்னேன். அப்பத்தான் வீட்டு விலாசம் மறந்துபோச்சு.”

கோகிலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள். “செத்தவங்களுக்குத்தானே அத்தை காக்கா வரும்?”

சாரதாம்பாள் வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து சத்தம் வராத தருணம் அது ஒன்றுதான்.

“பொரியல் ருசியா இருக்கு அண்ணி. ஆனா ஏன் கறுத்துப்போச்சு?” என்று கேட்டான் அந்தப் புண்ணியவான்.

கோகிலா அரிவாள்மனையைக் கையில் எடுத்து அவனைப் பார்த்த பார்வையில் அவனே சமையலறைக்குள் ஓடி உலையை ஏற்றினான். “தோலைச் சீவவே கூடாது அண்ணி. ரெண்டு முனையை நறுக்கி, நீளமா ஒரு கீறல். கொதிக்கிற உப்புத் தண்ணியில அப்படியே போட்டு, ஒரு கரண்டி எண்ணெய், அரைமூடி எலுமிச்சம்பழம். வெந்ததும் தோல் தானா கழண்டுவரும். முதல்ல கையில எண்ணெய் தடவிக்கணும், பால் ஒட்டாது. அங்க எல்லாரும் அப்படித்தான்.” சொல்லிக்கொண்டே மூட்டையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கருவாட்டை எடுத்தான்.

“அடப்பாவி! இன்னைக்கு உனக்குத் திதிடா!”

“எனக்குத்தானேம்மா? எனக்குக் கருவாடுன்னா உசிரு.”

சாரதாம்பாள் யோசித்துப் பார்த்தாள். மறுக்க வழியில்லை.

வாழைக்காய் வெந்து, தோல் கழன்று, கறுப்பு ஒரு பொட்டில்லாமல் தட்டில் வந்தது. சாரதாம்பாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து மருமகள் எதிரில் உட்கார்ந்தாள். அந்தக் கறுத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணெய் தேய்த்தாள்.

“காய்தான்டி கறுத்துச்சு... உன் மனசு கறுக்கல. நான்தான்... நான்தான் பத்து வருஷமா...” இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். “நாளைக்கு நாம ரெண்டு பேரும் உஜோங் பாசிர் போறோம். தம்பியையும் அவன் பொண்டாட்டியையும் நிக்கவச்சு இந்தக் கையால அட்சதை போடு. நான் தட்டைப் பிடிச்சுக்கிறேன்.”

“அத்தை...” என்று கோகிலா அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள். பத்து வருஷத்து அழுகையும் ஒன்றாக வந்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தெங்கேரா பஸ் வாசலில் வந்து நின்றது. தியாகு அம்மிக்கல் மேலிருந்த சாவியை எடுத்து மனைவியின் இடுப்பில் செருகினான்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. அந்த நாளில் காஜா பெராங்கில் காகமே கிடையாது. அந்தத் தெருவில் முதல் காகத்தைப் பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்துத்தான்.