தோற்பதற்குள் செத்துவிடு

காலை எட்டு இருபது.

கிளேட்டன் ப்ரூவர் தன் வீட்டு வாசற்படியில் மல்லாந்து கிடந்தார்.

நெஞ்சில் இரண்டு ஓட்டை. கழுத்தில் ஒன்று. காபிக் கோப்பை கையிலேயே இருந்தது. 'மறுபடியும் ப்ரூவர்' என்று புல்தரையில் நட்டிருந்த தேர்தல் அட்டையில் ரத்தம் தெறித்திருந்தது.

டெபுடி ஷெரிஃப் டார்லா சைஸ்மோர் குனிந்து பார்த்தாள். சட்டையில் வெடிமருந்துக் கரி. இரண்டடி தூரத்தில் நின்று சுட்டிருக்கிறார்கள். ஓடவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை.

தெரிந்த ஆள்...

கென்டக்கி மலைப்பக்கத்தின் தொண்ணூற்றிரண்டாம் தொகுதிக்குப் பதினெட்டு வருஷமாக அவர்தான் மாநில சட்டமன்ற உறுப்பினர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம்.

இடுப்பில் இருந்த வயர்லெஸ் அலறியது. வெண்டல் ஹாஸ்கின்ஸின் டயர் கடையை ஊரே சூழ்ந்துவிட்டதாம்.

வெண்டல் எதிர்க்கட்சி வேட்பாளர். கிளேட்டனிடம் மூன்று முறை தோற்றவன். போன வாரம்தான் மேடையில், "இந்தத் தடவை உன்னைப் புதைச்சிட்டுத்தான் ஓய்வேன்" என்று மைக்கில் கத்தியிருந்தான். ஊருக்கு அது போதும்.

டார்லா போய்ச் சேர்ந்தபோது வெண்டலைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் டயர் கழற்றும் கம்பியை ஓங்கினான். தாடை உடையும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டாள்.

கூட்டம் விலகியது. கம்பிக்காரன் மட்டும் விலகவில்லை. துப்பாக்கிக் கட்டையால் அவன் மூக்கில் ஒரே இடி. உட்கார்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸில் வெண்டல் ரத்தத்தோடு இரண்டு பல்லையும் துப்பினான்.

"நான் ஏன் டார்லா சுடணும்? கருத்துக்கணிப்புல பதினோரு சதவீதம் நான்தான் முன்னாடி. அவன் உயிரோட இருந்தாத்தானே நான் ஜெயிக்க முடியும்..."

"செத்தா?"

"அனுதாபம். ப்ரூவர் வீட்டுல யாரும் தோத்ததில்ல. தோக்கறதுக்கு முன்னாடி செத்துடுவாங்க. பழைய ரிசல்ட்டை எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தாள்.

கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில், தூசி படிந்த தேர்தல் பதிவேடுகள்.

1964. கிளேட்டனின் அப்பா ஏமஸ் ப்ரூவர் ஒன்பது ஓட்டில் தப்பித்தார். 1966-ல் தேர்தல் நெருங்கும்போது மான் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பாய்ந்து செத்தார். விதவை ஓபல் நின்றாள். நாலாயிரம் ஓட்டு வித்தியாசம்.

பன்னிரண்டு வருஷம் ஆண்டுவிட்டு ஓபல் மூத்த மகன் கார்னெட்டுக்கு இடத்தைக் கொடுத்தாள். 1986-ல் கார்னெட் இருபத்திரண்டு ஓட்டில் பிழைத்தான். 1988-ல் பிரேக் பிடிக்காமல் காரோடு ஆற்றில் விழுந்தான். தம்பி கிளேட்டன் நின்றான். ஐயாயிரம்.

2004. கிளேட்டனுக்குப் பதினான்கு ஓட்டுதான் மிச்சம். இப்போது 2006.

மூன்று சாவு. மூன்றுக்கும் உயிரோடு இருந்த ப்ரூவர் ஒரே ஒருத்தி.

மத்தியானம் ப்ரூவர் வீட்டுக்குள் நுழையும்போதே ரேடியோவில் செய்தி. செத்தவர் இடத்தில் மனைவி லோர்னாவை நிறுத்தக் கட்சி முடிவு செய்துவிட்டது.

சமையலறையில் ஓபல் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது. கை நடுங்கவில்லை.

"உக்காரு கண்ணு. சோள ரொட்டி இருக்கு, சாப்பிடறியா?"

"வேண்டாம் மிஸ் ஓபல். ஏமஸைச் சுட்டது யாரு?"

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு நறுக்கியது.

"நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தி கேக்கறா. நான்தான். அந்த ஆளு தோத்துட்டு வீட்டுல உக்கார்ந்தா என்னை அடிச்சே கொன்னிருப்பான்."

"கார்னெட்?"

"நான்தான் பிரேக்கை அறுத்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் என் வயித்துல பொறந்தவன். இன்னிக்கும் ஆத்துப் பக்கம் நான் போறதில்ல."

டார்லா கைவிலங்கை எடுத்தாள். "கிளேட்டனும் உங்க பிள்ளைதான். காலையில..."

"அது நான் இல்ல."

"மிஸ் ஓபல்..."

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? அவனுக்கு வியாழக்கிழமைன்னு குறிச்சு வச்சிருந்தேன். யாரோ அவசரப்பட்டுட்டாங்க."

சொல்லிவிட்டுக் கிழவி நிமிர்ந்தாள். அவள் மூக்குக்கண்ணாடியில் ஓர் உருவம் அசைந்தது. டார்லாவுக்குப் பின்னால்... கறுப்பு துக்க உடையில்...

லோர்னா!

டார்லா பக்கவாட்டில் பாய்ந்தாள். குண்டு அவள் இடது காதின் பாதியைக் கிழித்துக்கொண்டு போய் அடுப்பில் மோதியது. அடுத்த குண்டு மேஜையைப் பிளந்தது. ஆப்பிள்கள் உருண்டன. தரையில் கிடந்தபடியே டார்லா சுட்டாள். லோர்னாவின் தோள்பட்டை சிதறியது. சுவரில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தபடி சரிந்தாள்.

அவள் ரிவால்வரை டார்லா எட்டி உதைத்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் சூடாக இறங்கியது.

"பதினெட்டு வருஷம்... அவருக்கு ஒவ்வொரு பேச்சையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்," லோர்னா பல்லைக் கடித்தாள். "தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் மீன் பிடிக்கப் போறேன்னு சிரிக்கிறாரு. உங்களைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன் அத்தை."

"அரைகுறையா கத்துக்கிட்டா இப்படித்தான்," என்றாள் ஓபல். "விபத்து மாதிரி இருக்க வேணாமா? வாசல்ல நிக்க வச்சா சுடுவாங்க?"

லோர்னாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். கிழவி கையைத் துடைத்துக்கொண்டு தானே நீட்டினாள். டார்லா விலங்கை மாட்டினாள்.

"அப்போ சீட்டு வெண்டலுக்குத்தான்?" என்றாள் கிழவி.

"ஆமா. அவரை எதிர்த்து நிக்க இனி ஆள் இல்ல."

படியில் காய்ந்திருந்த மகனின் ரத்தத்தை மிதிக்காமல் தாண்டிய ஓபல் ப்ரூவர், போலீஸ் காரில் ஏறும் முன் அக்கறையாகக் கேட்டாள்.

"வெண்டல் பொண்டாட்டிக்கு நல்லா சுட வருமா?"