நாற்பது கையெழுத்து

காட்சிக்கூடத்தின் விளக்கு அணையவில்லை.

ஆள் நடமாட்டம் இருந்தால் எரியும், ஐந்து நிமிடம் யாரும் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும், அந்த மாதிரி விளக்குகள் அவை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று பல்கலைக்கழகம் போன வருடம் பொருத்தியது. அன்றிலிருந்து அவளுக்குத் தலைவலிதான். மாணவர்கள் அசையாமல் உட்கார்ந்து வரைகிற நேரம் பார்த்துப் பொசுக்கென்று அணைந்து உயிரை வாங்கும். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடிப்போய்க் கூடத்தின் நடுவில் நின்று பைத்தியக்காரி மாதிரி இரண்டு கையையும் ஆட்டவேண்டும். மாணவர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு அவர்கள் எல்லோரும் போய்ப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது, காலிக் கூடத்தில் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வேணும்னா எரியாது, வேணாம்னா அணையாது" என்று முணுமுணுத்தபடி அவள் முன்னறையில் காவலாளியின் மேஜைக்குப் போனாள். அன்று மாலை அவளுக்கு இதைவிடப் பெரிய கடுப்பெல்லாம் இருந்தது.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் 'மாணவர் மாலை' நடத்துவது அவள் வேலை. ஒரு வாரம் பாட்டு, ஒரு வாரம் நாடகம், ஒரு வாரம் காட்சிப்பொருளைப் பார்த்து வரைவது. நான்கு வருடமாக ஒற்றை ஆளாக மாரடிக்கிறாள். சுவரொட்டி ஒட்டினால் மறுநாளே அதன்மேல் 'அறை வாடகைக்கு' என்று இன்னொன்று வந்து உட்காரும். தேநீர் இலவசம் என்று போட்டால் தேநீரைக் குடித்துவிட்டு வாசலோடு போய்விடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் இயக்குநர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "தொடர்ந்து மூணு தடவை நாப்பது பேருக்குக் கீழ போச்சுன்னா மூடிடலாம்மா. பரீட்சைப் பேப்பர் அடுக்க இடமில்லைன்னு அந்தக் கூடத்தைக் கேக்கறாங்க." நிகழ்ச்சியை மூடினால் அவள் வேலையும் போச்சு. ஏற்கனவே அக்கா வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். அத்தான் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை, சாப்பிடும்போது ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

போன இரண்டு வாரமும் முப்பதைத் தாண்டவில்லை. இன்று இருபத்து மூன்று.

நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளிம்பு உடைந்த பெரிய மண்சாடி. அதைச் சுற்றி நாற்பது முக்காலிகள், முக்காலிக்கு ஒரு தாள், தாளின் மூலையில் வரிசை எண். எல்லாம் அவளே போட்டது. இருபத்து மூன்று முக்காலிகளில் ஆள், மற்றவை காலி. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஐந்தரை மணிக்கு, கூடத்தின் கதவோரம் இருந்த தன் மேஜையில் குனிந்து உட்கார்ந்து, வருகைத்தாளில் இருபத்து நான்காவது கட்டத்தில் அவளே ஒரு கையெழுத்தைப் போட்டாள்.

இருபத்தைந்தாவதைச் சிவப்புப் பேனாவில். அடுத்ததை இடது கையால், கோணலாக. துறை என்ற இடத்தில் மூன்று பேரை வேதியியலில் சேர்த்தாள். அந்தத் துறையிலிருந்து இந்த நான்கு வருடத்தில் ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்த்ததில்லை, இப்படியாவது வரட்டும் என்று. பென்சில் சீவிய வாசனை கூடம் முழுக்கப் பரவியிருந்தது. எங்கோ ஒரு முக்காலி தரையில் உராய்ந்து நகர்ந்தது. அவள் நிமிரவில்லை. கையெழுத்துகள் ஏற ஏறப் பென்சில்கள் தாளில் கிறுக்கும் சத்தமும் கூடிக்கொண்டே போனது. பரவாயில்லையே, வந்த பிள்ளைகளாவது மும்முரமாக வரைகிறார்களே என்று மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. விளக்கு அன்று ஒரு தடவைகூட அணையவில்லை என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது ஒரு மாணவி மட்டும் மேஜையருகே நின்றாள். "மேடம், அடுத்த தடவை வேற பெரிய ஹால்ல வைங்க. இவ்ளோ கூட்டத்துல எப்படி வரையறது? எனக்கு முன்னாடியே ஒரு வரிசை உக்காந்துடுச்சு. சாடியே தெரியல."

நக்கல். அறுபது பேர் உட்காரும் கூடத்தில் இருபத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு கூட்டமாம். "சரிம்மா, மைதானத்துல வெச்சிடறேன்" என்றாள் அவள். அந்தப் பெண் சிரிக்காமல் போய்விட்டாள்.

இப்போது காவலாளி அவள் நீட்டிய வருகைத்தாளையும் தன் கையிலிருந்த எண்ணும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் வெளியே போகப் போக அமுக்கினால் 'க்ளிக்' என்று ஓர் எண் கூடும், உள்ளங்கையில் அடங்குகிற கருவி.

"மேடம், உள்ள போனது நாப்பதுன்னு எழுதியிருக்கீங்க. வெளிய வந்தது இருபத்து மூணு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை எப்படி மறந்தாள்? உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் இவர் கதவைப் பூட்டுவார்.

"பின் வாசல் வழியா போயிருப்பாங்க அண்ணே."

"பின் வாசல் சாவி என் இடுப்புல இருக்கு."

"நீங்க எண்ணறதுல விட்டிருப்பீங்க."

"பதினேழு பேரையா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "போன வருஷம் ஒரு பையன் உள்ளயே தூங்கிட்டான், என் வேலையே போகப் பாத்துச்சு. கணக்கு சரியாகாம பூட்ட மாட்டேன். வேணும்னா இயக்குநருக்கு ஒரு போன் போடறேன்."

"ஐயோ, வேணாம் அண்ணே. நானே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

உள்ளே சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். தாள்களையும் பொறுக்கவேண்டியிருந்தது. கைப்பையையும் போனையும் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். என்ன பிழைப்பு இது.

கூடத்தில் பென்சில் வாசனை இன்னும் போகவில்லை. காற்று கதகதப்பாக இருந்தது, நிறையப் பேர் வெகுநேரம் மூச்சுவிட்ட இடம் மாதிரி. அவள் ஒவ்வொரு முக்காலியாகக் குனிந்து தாள்களை எடுத்தாள். சாடி. சாடி. பூசணிக்காய் போல ஒரு சாடி. இருபத்து மூன்றாவது தாளில் பாதிச் சாடியும், அதை மறைத்துக்கொண்டு யாருடைய முதுகோ.

இருபத்து நான்காவது தாள் வெறுமையாக இருக்கவேண்டும்.

இல்லை. அதில் சாடியும் இல்லை. ஒரு மேஜை, அதில் குனிந்து எழுதுகிற ஒரு பெண், தூரத்திலிருந்து. இருபத்தைந்திலும் அதே பெண், பக்கவாட்டில். இருபத்தாறில் அவள் கை. இடது கையில் பேனா.

முதலில் அவளுக்கு வந்தது வேறு பயம். எந்தப் பயலோ பார்த்துவிட்டான். கள்ளக் கையெழுத்துப் போட்டதை உட்கார்ந்து வரைந்தே வைத்திருக்கிறான். இது இயக்குநர் கைக்குப் போனால் தீர்ந்தது கதை. படபடவென்று மற்றவற்றையும் பொறுக்கினாள். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடவேண்டும்.

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை வரைந்தது. ஒருவர் அழுத்தி, ஒருவர் மெல்லிசாக. முக்காலிகளைப் பார்த்தாள். முதல் இருபத்து மூன்றும் அவள் போட்டபடியே சாடியைச் சுற்றி இருந்தன. இந்தப் பதினேழு முக்காலிகளும் அவள் மேஜையைச் சுற்றி இருந்தன.

ஒன்றின்மேல் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

முப்பத்து மூன்று. படத்தில் அவள் கழுத்து, ரவிக்கையின் பின்கொக்கி. முப்பத்தாறு. காதோரம் நரைத்த இரண்டு முடி, அதை அவளே கண்ணாடியில் போன வாரம்தான் பார்த்தாள். முப்பத்தெட்டில் ஒரு கண். இவ்வளவு பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் மூச்சு பட்டிருக்கும். முப்பத்தொன்பதில் உதடு.

நாற்பது.

தாள் முழுக்க அவள் முகம். நேராகப் பார்க்கிறது. ஒரு கோடுகூட மிச்சமில்லை, வரைந்து முடித்தாகிவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது, எதையோ சொல்லப்போகிற மாதிரி. கீழே கையெழுத்து. இடது கையால், கோணலாக.

வெளியே ஒரு சத்தம்.

க்ளிக்.

"என்ன தம்பி, இவ்ளோ நேரம் எங்கப்பா இருந்தீங்க? வரிசையா வாங்க, வரிசையா வாங்க." காவலாளியின் குரல். க்ளிக். க்ளிக். "இருபத்தாறு. இருபத்தேழு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வாயைத் திறந்து பதில் சொன்னா முத்து கொட்டிடும்."

அவள் திரும்பினாள். கண்ணாடிக் கதவு மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் முதுகுகள். முதுகுகள் மட்டும்.

க்ளிக். க்ளிக்.

"அண்ணே!" என்று கத்தினாள். ஓடினாள். முக்காலி இடறியது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை.

"முப்பத்தொன்பது. அவ்ளோதானா? கடைசி ஆளு நீங்கதானா மேடம்?"

"நான்தான் அண்ணே" என்றது அவள் குரல். "நாப்பது."

க்ளிக்.

"அப்பாடா, கணக்கு சரியாப் போச்சு. பூட்டிடவா?"

"பூட்டுங்க. உள்ள யாரும் இல்ல."

அவள் கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். இரண்டு கையாலும். சத்தம் வரவில்லை. காவலாளி திரும்பி நேராக அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே தொப்பியைச் சரிசெய்தார், மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் அவளுடைய கைப்பையைத் தோளில் மாட்டி, அவளுடைய போனைக் காதில் வைத்தாள். இடது கையால்.

"அக்கா, இன்னிக்கு நாப்பது பேர் வந்தாங்க. ஆமா, வேலை தப்பிச்சுது. அத்தான்கிட்டயும் சொல்லிடு. வந்துட்டே இருக்கேன், தாழ்ப்பாள் போட்டுடாத."

"அக்கா!" என்று அலறினாள். "அக்கா, அது நான் இல்ல!"

வெளிக்கதவில் சாவி இரண்டு தடவை சுற்றியது. காலடிகள் படியிறங்கின.

விளக்கு. விளக்கு இன்னும் எரிகிறது. உள்ளே விளக்கு எரிந்தால் யாராவது வந்து பார்ப்பார்கள். அசைந்துகொண்டே இருந்தால் போதும். அவள் கூடத்தின் நடுவுக்கு ஓடினாள். சாடிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். எப்போதும் ஆட்டுகிற மாதிரி. குதித்தாள். இன்னும் வேகமாக ஆட்டினாள். மூச்சு முட்டியது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. தோள் விண்விண்ணென்று வலித்தது. நிறுத்தவில்லை. நான்கு.

ஐந்து.

விளக்கு அணைந்தது.

அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.