எர்த் கம்பி

தண்ணீரை நிறுத்திய பிறகும் சமையலறை பல்பு அணையவில்லை.

யோகப்பா மேட்டுத் தொட்டிக்கு ஏறி, வால்வைக் கடைசிச் சுற்றுவரை முடுக்கி, வலையில் அடைத்திருந்த இலைகளை வாரி எறிந்து, காலில் ஏறிய அட்டைகளைச் சுண்ணாம்பு தொட்டு உதிர்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். மூன்று மணிதான். ஆனால் மலைநாட்டு ஆடி மழை பாக்குத் தோட்டத்தின்மேல் கறுத்துக் கவிந்திருந்ததால், கூரை ஓட்டின் சத்தமும் ஈரக் கம்பளி வாடையும் அடுப்புப் புகையும் மட்டுமே வீடு என்று மிஞ்சியிருந்தன. அந்த இருட்டில் பல்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"தண்ணிய நிறுத்திட்டேன்னு சொன்னே?" அவன் தங்கை நாகவேணி ஆவியில் அவிக்கும் கடுபுக்கு அரிசி மாவு கிளறிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தியாச்சு."

"அப்ப இது எப்படி எரியுது?"

"கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கும். தானா அணைஞ்சிடும்."

அது பொய். தண்ணீர்ச் சக்கரம் நின்றால் கண் இமைப்பதற்குள் இருட்டிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் கட்டியதுதானே எல்லாம். அரிசி ஆலையில் கழித்துப்போட்ட பழைய மோட்டார் அது. கரண்டு கொடுத்தால் சுற்றுவது மோட்டார். தண்ணீரை அடித்து அதைச் சுற்றவைத்து, பக்கத்தில் நாலு கெப்பாசிட்டரைக் கட்டிவிட்டால் அதுவே கரண்டு தரும். கரண்டுக் கம்பம் வராத அந்த மலைச்சரிவில் முதலில் விளக்கு எரிந்தது யோகப்பா வீட்டில்தான். பத்து மைல் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்ஜினியர் தோத்துட்டான், போ" என்று சொல்லிப் போனார்கள்.

"அவருக்கு இந்த வெளிச்சம்னா உசிரு," என்றாள் நாகவேணி, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். நாளை அவள் கணவன் சேஷேகௌடாவுக்கு வருஷ திதி. மைத்துனர்கள் இருவரும் ஒருவரையொருவர் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "'எங்க பாவா செஞ்சது'ன்னு சந்தையில நின்னு பீத்திக்குவார். நீ மட்டும் அன்னிக்கு ஓடலேன்னா உடம்பு கூடக் கிடைச்சிருக்காது. ஓடையே கொண்டுபோயிருக்கும்."

ஒரு வருஷமாக அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டில் முதல் தட்டு அவனுக்கு, வெந்நீரில் முதல் குடம் அவனுக்கு. ஒவ்வொரு முறையும் முகத்தில் யாரோ காறி உமிழ்ந்ததுபோல் அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதை அடக்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

பல்பு மங்கியது. பிறகு பிரகாசமானது. மறுபடி மங்கியது.

"போய்ப் பாத்துட்டு வந்திடறேன்," என்று கம்பளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினான்.

வீட்டுக்குக் கீழே நூறு படி. பாசி வழுக்கும் கல். தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் படியை ஒட்டியே இறங்கிப் போனது. நடுவழியில் நின்று விரல் முட்டியால் அதைத் தட்டினான். வெற்றுப் பானையாக ஒலித்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் கீழே, ஓடைக்கரைத் தகரக் கொட்டகையிலிருந்து, மழைச் சத்தத்துக்கும் ஓடைச் சத்தத்துக்கும் அடியில், மோட்டாரின் முனகல் கேட்டது.

கதவைத் திறந்தான். கிரீஸ் வாடை, சுட்ட வார்னிஷ் வாடை, அழுகிய பாக்கு இலை வாடை. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கிண்ணங்கள் காய்ந்திருந்தன. தண்ணீர் பீய்ச்சும் மூக்கில் ஒரு சிலந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பலகையிலிருந்த சுவிட்சை இறக்கினான். முனகல் நிற்கவில்லை. இடுக்கியை எடுத்து கெப்பாசிட்டர் ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டினான். கடைசி ஒயரும் துண்டானபின் கதவு வழியே மேலே பார்த்தான். மழைத்திரைக்கு அப்பால் சமையலறை ஜன்னல் சிவப்பாக மங்கி, எரிந்து, மங்கியது.

போன வருஷமும் இதே மழை. மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்டு கசிந்தது அவனுக்கு நாலு மாதமாகத் தெரியும். தொட்டால் முழங்கை வரை சுள்ளென்று ஏறும். கசிகிற கரண்டை மண்ணில் இறக்க எர்த் கம்பி அடிக்க வேண்டும். கம்பி வாங்கிக் கொட்டகை மூலையில் சாத்தியும் வைத்திருந்தான். ஆனால் எர்த் போட்டாயிற்று என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தான். சொன்னபின் அடிப்பது என்றால் இரவில் யாருக்கும் தெரியாமல்தான் அடிக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டான். அன்று சக்கரத்தடியில் சேர்ந்த இலையை எடுக்க சேஷேகௌடா தண்ணீர் விழும் குழிக்குள் குனிந்தான். ஈரக் கையை மோட்டார்மேல் ஊன்றினான்.

யோகப்பா வந்து பார்த்தபோது குழித் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். கொட்டகையிலிருந்த வால்வை மூடியாயிற்று. அப்புறம் தூக்கியிருக்க வேண்டும். சேஷேகௌடாவின் விரல்கள் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தன. யோகப்பா பார்த்தான். பார்த்துவிட்டு, மூலையிலிருந்த கம்பியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆட்கள் வருவதற்குள் கம்பி மண்ணில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது. அடித்து, ஒயரை முடுக்கி, சேற்றைக் கால்களால் மிதித்துச் சமன் செய்தபின்தான், "ஐயோ, பாவா" என்று கத்தினான். பாசியில் வழுக்கி விழுந்தான் என்று ஊர் நம்பியது. நுரையீரல் நிறையத் தண்ணீர் என்றார் டவுன் டாக்டர். செத்தவன் தண்ணீரை இழுக்கமாட்டான்.

சக்கரம் வேகம் பிடித்தது.

யோகப்பா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாவா." குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது. "நீ உயிரோடதான் இருந்தே. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கம்பி அடிக்கப் போனேன். ஊர் சிரிக்கும்னு பயந்தேன், பாவா."

முனகல் இறங்கியது. சக்கரம் நின்றது. மழை மட்டும்.

பின்னால் குடை மடங்கும் சத்தம்.

நாகவேணி வாசலில் நின்றிருந்தாள். கையில் மாவு காய்ந்திருந்தது. எப்போது வந்தாள்? எதிலிருந்து கேட்டாள்? அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

"நாகு..."

"விரல் எவ்வளவு நேரம் அசைஞ்சுது?"

"கம்பி... கம்பி இறங்குற வரைக்கும்."

அவள் அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவனைத் தாண்டிப் போனாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். குழி விளிம்பில் மண்டியிட்டாள்.

"என்ன பண்றே? அங்க ஒண்ணும் இல்ல, நாகு."

அவள் குழிக்குள் கையை நீட்டினாள். தோள்வரை நீட்டினாள். யாரையோ தேற்றுவதுபோல் மெதுவாகப் பேசினாள்.

"வாங்க. பயப்படாதீங்க. நான்தான். மேல வாங்க."

அவள் தோள் சட்டென்று கீழே இழுபட்டது.

கனமான எதையோ தாங்குகிறவள்போல் பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. குழிக்குள் தண்ணீர் வடிகிற சத்தம். இருமல். நீண்ட, நனைந்த இருமல்.

"பிடி, அண்ணா," என்றாள் திரும்பாமல். "என்னால தனியா முடியாது. இன்னொரு கையை நீ பிடி."

யோகப்பா நகரவில்லை.

குழியின் இருட்டிலிருந்து, வெளுத்து, ஊறி, சுருங்கிய ஒரு உள்ளங்கை மேலே வந்தது. விளிம்புக் கல்லைப் பற்றவில்லை. நாகவேணியின் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு நேராக நீண்டது. விரித்தபடி நின்றது.

காத்திருந்தது.