பத்தாவது கைநாட்டு

அச்சகத்தில் யாரோ அழுக்குக் கையோடு தொட்டிருக்கிறார்கள் என்றுதான் தனேஸ்வரன் முதலில் நினைத்தான். புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில், 'வாசகர் கருத்துகள்' என்ற தலைப்புக்குக் கீழே, ராக்காயி என்ற பெயரை ஒட்டிப் பெருவிரல் அகலத்துக்கு ஒரு செம்மண் கறை. நகத்தால் சுரண்டினான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். கறை அசையவில்லை, காகிதத்திலிருந்து ஒரு வாடை மட்டும் எழுந்து வந்தது. மூடை கட்டிப் போட்ட ஒட்டுப்பால் வெயிலில் புளித்து நாறுமே, ரப்பர் ஆலையைக் கடக்கும்போது பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்களே, அந்த வாடை.

மேசையில் இன்னும் நாலு பிரதிகள் கிடந்தன. அடுத்ததை எடுத்துப் புரட்டினான். அதே பக்கம், அதே இடம், அதே ரேகை.

ஐந்து பிரதிகளிலும்.

நாவலின் பெயர் 'கருங்காட்டுச் சூனியக்காரிகள்'. ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, பத்து காஜா என்ற ஊரில் தனியாக வாழும் சன்னாசி எழுதியது. ஏழு சூனியக்காரிகள், மூன்று மந்திரவாதிகள், ஒரு கொலை, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். "உங்க காலேஜ் பிள்ளைங்க பத்து பேரு படிச்சிட்டு, மனசுல பட்டதை எழுதிக் குடுத்தாப் போதும் லா தம்பி, புக்கு முன்னால போட்டுக்கறேன்" என்று அவர் பத்துக் கட்டு நகல்களைச் சுமந்து வந்தபோது தனேஸ் பவ்யமாகத் தலையாட்டினான். கல்லூரியில் ஒருவரையும் விடாமல் நக்கலடித்து எழுதுகிறவனுக்கு, ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மட்டும் வராது. பத்துக் கட்டும் இரண்டு மாதம் அவன் கட்டிலுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கின. யாரிடமும் போகவில்லை. அவனும் படிக்கவில்லை. கெடு முடிந்த அன்று பத்து வாசகர்களை அவனே உண்டாக்கினான்.

பெயர்களுக்கு அவன் ரொம்ப மெனக்கெடவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் அவன் அம்மா பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. அதற்கு நடுவே ஓர் இடுகாடு மிச்சம் இருந்தது. பெயர் வெட்டிய கல் மொத்தமே ஒன்பது. மற்றதெல்லாம் லாலான் புல் மூடிய வெறும் மேடுகள். எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. போன வருஷம் தங்கை பிரமிளாவோடு போனபோது அந்த ஒன்பது கற்களையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். ஒன்பது பேரும் வாசகர்களானார்கள். யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

'இந்நாவலைக் கையில் எடுத்த நாளிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை' என்று ராக்காயி எழுதியிருந்தாள். 'சூனியக்காரி கதவைத் தட்டும் இடத்தில் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.' இது வீரம்மா. 'மந்திரவாதிகளைப் பற்றி இதற்குமேல் தெரிந்துகொள்ள எங்கே போக வேண்டும், சொல்லுங்கள், வருகிறேன்' என்றார் ராமையா.

பத்தாவதுக்குக் கல் கிடைக்காமல் தங்கையின் பெயரைப் போட்டான். சுங்கை சிப்புட் கிளினிக்கில் வேலை பார்க்கும் அவள், மருந்துச் சீட்டைத் தவிர எதையும் படிக்காதவள். 'பிரமிளா, சுங்கை சிப்புட்: எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, யார் வந்து கேட்டாலும் முழு நாவலையும் வாய்விட்டு வாசித்துக் காட்டத் தயார்.'

எழுதி முடித்துவிட்டுத் தனியாகச் சிரித்தது அவனுக்கு நினைவிருந்தது.

மணி ஐந்தே கால். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குச் சித்தியவான் போயிருந்தார்கள். ஈப்போவின் வழக்கமான சாயங்கால மழை, மலைப்பக்கமிருந்து கூரை கூரையாகத் தாவி வந்து அவன் வீட்டுத் தகரத்தின்மேல் கொட்டியது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஃபிரிட்ஜின் முனகலும், குளியலறைக் குழாயின் சொட்டும், பக்கத்து வீட்டு நாயின் விட்டு விட்டு வரும் குரைப்பும் ஒவ்வொன்றாக அமுங்கிப் போயின. விளக்கைப் போட்டு, புத்தகத்தைக் குனிந்து பார்த்தான். ராக்காயி மட்டுமில்லை. காலையில் சுத்தமாக இருந்த பெயர்கள் ஒவ்வொன்றையும் ஒட்டி இப்போது ஒரு ரேகை. ஒவ்வொன்றும் வேறு. ராமையாவின் விரலுக்குக் குறுக்கே ஒரு தழும்பு ஓடியது, ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி கிழித்ததைப்போல. ஒன்பது பெயர். ஒன்பது கைநாட்டு.

பிரமிளாவின் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதம்.

சன்னாசிக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க தம்பி!" குரல் கரகரத்தது.

"சார், அந்தக் கருத்துப் பக்கத்துல ஏதோ கறை மாதிரி..."

"கறையை விடுங்க லா. உங்க வாசகருங்க நேத்து என் வீட்டுக்கே வந்துட்டாங்க, தெரியுமா?"

"எந்த வாசகருங்க?"

"அதான், நீங்க போட்ட ஒம்பது பேரு. கொட்டுற மழையில நடந்தே வந்திருக்காங்க. நாற்காலியில உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கிறாங்க. தரையிலயே உக்காந்து ஆளுக்கு ஒரு புக்கை மடியில வெச்சுக்கிட்டாங்க. ஒருத்தரும் திறக்கலை. கதை எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். 'எங்களுக்கு எழுத்துத் தெரியாதுங்களே'ன்னாங்க. தன்னடக்கம் லா தம்பி, இந்தக் காலத்துல யாருகிட்ட இருக்கு?"

தனேஸ் ஐந்தாம் பக்கத்தை மறுபடி பார்த்தான்.

"படிச்சுக் காட்டுங்கன்னு கேட்டாங்க. எனக்குத்தான் ரெண்டு பக்கத்துலயே தொண்டை கட்டிப் போச்சு. 'இதோ பாருங்க, பத்தாவதா ஒரு பொண்ணு, யாரு கேட்டாலும் படிச்சுக் காட்டறேன்னு அதுவே சொல்லியிருக்கு'ன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். முகமெல்லாம் அப்படி மலர்ந்துச்சு. உங்க தங்கச்சி தானே அது? எந்தக் கிளினிக்குல வேலைன்னு சொல்லி அனுப்பினேன். தப்பில்லையே?"

தனேஸ் போனை வைத்தான்.

பிரமிளா இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள். அவள் பக்கமும் மழை.

"என்னண்ணே, சும்மா சும்மா போன் அடிக்கிற? வேலை முடிஞ்சு வாரேன் லா. மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன்."

"எங்க நிக்கிற?"

"அம்மா பொறந்த தோட்டத்து முச்சந்தி பஸ் ஸ்டாப்ல. இங்க ஒரு அம்மாவும் நிக்கிறாங்க. பாவம், முழுக்க நனைஞ்சு போயிட்டாங்க. உன்னைத் தெரியுமாம்."

"பிரமி, மோட்டோவை எடு. இப்பவே கிளம்பு."

"பைத்தியமா உனக்கு? இந்த மழையிலயா?" அவள் குரல் போனைவிட்டு விலகியது. "என்னம்மா? ம்... தெரியும்மா." திரும்பி வந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியுமான்னு கேக்கறாங்கண்ணே. கையில ஏதோ ஒரு புக்கு."

"தெரியாதுன்னு சொல்லு!"

"ஏன் லா? ரெண்டு வரி படிச்சுக் காட்டினா என்ன கொறஞ்சு போயிரும்? உனக்கு எல்லாத்துலயும் நக்கல்தான்."

"பிரமி, இது நக்கல் இல்ல. சத்தியமா..."

"அண்ணே." அவள் குரல் இறங்கியிருந்தது. "இவங்க ஒருத்தங்கதான் நின்னாங்க. இப்ப பின்னால..."

மழைச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

வீட்டில் இருந்த ஒரே மோட்டோ அவளிடம். வாடகைக் கார் கூப்பிட்டான். இந்த மழையில் எவரும் வரத் தயாரில்லை. பேனாவை எடுத்தான். தங்கையின் பெயர்மீது அழுத்தி அழுத்திக் கோடு போட்டான். சேம்பு இலையில் விழுந்த தண்ணீர்போல மை உருண்டு உருண்டு விலகி, பக்கத்தின் ஓரம் வழியாக மேசையில் சொட்டியது. பெயர் அப்படியே இருந்தது. பெருவிரலில் மையைப் பூசிக்கொண்டு, அந்த வெள்ளை இடத்தில் தன் ரேகையைப் பதித்தான். நான் வாசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னான். விரலை எடுத்தபோது காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

மழை நின்றது. ஃபிரிட்ஜின் முனகல் திரும்பி வந்தது. குழாயின் சொட்டு. நாய் மட்டும் குரைக்கவில்லை.

ஒட்டுப்பால் வாடை இப்போது வீடு முழுக்க.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிரமிளாவின் பெயருக்குப் பக்கத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வளைந்தது. அதற்குள் இன்னொன்று. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

வெளியே மோட்டோ வந்து நின்றது.

அவளேதான். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு. கதவைத் திறந்துகொண்டு ஓடினான். பிரமிளா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், எப்போதும்போல. உள்ளே வரவில்லை. முன்வாசல் சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தாள். வலது பெருவிரல் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாசித்தாள்.

"ம்" என்றது முன்வாசல்.

கதை கேட்கிறவர்கள் கொட்டும் ம். ஒன்பது தொண்டையிலிருந்து. அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. மழைச் சாரல் எட்டாத அந்தக் காய்ந்த சிமெண்டில், அரைவட்டமாக, ஒன்பது ஈரத் தடங்கள். உட்கார்ந்த ஆள் அகலத்துக்கு.

"பிரமி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். கண் அவனைக் கெஞ்சியது. வாய் இரண்டாவது வரியை வாசித்தது.

"ம்."

"விட்டுருங்க!" அவன் கத்தினான். "நான் படிக்கிறேன். எனக்கும் எழுத்துத் தெரியும்!"

காதுக்கு வெகு பக்கத்தில் ஒரு பெண் குரல், கோபம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னது: "நீதான் படிக்கலையே, ராசா."

புத்தகத்தைப் பிடுங்கினான். எளிதாக வந்துவிட்டது. அவள் இரண்டு கைகளும் ஒன்றுமில்லாததைப் பிடித்தபடியே இருந்தன. கண் அவனிடம். வாய் மூன்றாவது வரி. அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். ஒரு சொல் பிசகவில்லை. அதற்குள் குரல் கம்ம ஆரம்பித்திருந்தது.

முதல் பக்கம். இன்னும் நானூற்றுப் பதினொன்று.

"ம்."

இந்த முறை ஒன்பதுக்கு அதிகம்.

இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. யாரும் தொடவில்லை. சிமெண்டில் பத்தாவது ஈரம் படிந்தது. பதினொன்றாவது. ஒன்றை ஒன்று ஒட்டி, இடம் விட்டு நகர்ந்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு. கல் வைக்க ஆளில்லாதவர்கள். தெருவிளக்கு எரியத் தொடங்கிய வெளிச்சத்தில், முனைவரைக்கும் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் இங்கே ஒன்று அங்கே ஒன்றாக அமுங்கியது. ஆள் உட்கார உட்கார.

பிரமிளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரியை வாசித்தாள்.

தெரு முழுக்க, "ம்."