எண்ணெய்க் கோடு

மனிதன் இருட்டுக்குப் பயந்த காலம் 1957 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. முடித்து வைத்தவன் பி.ஏ. படித்த விருத்தாசலம். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகும் வழியில், ஏரிக்குள் படி இறக்கிக் கட்டிய பங்களா ஒன்று. எண்ணெய் மில் முதலாளி சுப்பராயலு கட்டியது. பேய் பயத்தில் யாரும் அண்டாத அதில் மூன்று நாள் தங்கிக் காட்டினால், அங்கே வரப்போகும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை என்று பள்ளிக்கூடக் கமிட்டி சொல்லியிருந்தது. நடுவில் வெளியே வந்தால் வேலை இல்லை.

முதல் நாளே ஒன்று உறுத்தியது. சுவரில் இடுப்புயரத்தில் ஓர் எண்ணெய்க் கோடு, கூடத்திலிருந்து ஏரிப்படி வரைக்கும். கடைசிக் காலத்தில் கண் போன முதலாளி சுவரைத் தடவிக்கொண்டே நடந்த தடம் என்றார் காவல்காரர் ராயப்பன். அந்தப் படியில்தான் வழுக்கி விழுந்து செத்தாராம். பத்து வருஷம் ஆகியும் ராயப்பன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ராயப்பன் வந்திருக்கேனுங்க, மொதலாளி" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவார்.

செத்தவருக்கு அட்டெண்டன்ஸ் கொடுக்கும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று விருத்தாசலம் சிரித்தான்.

"சிரிச்சுக்கினு இருங்க தம்பி. பேர் சொல்லாம நுழைஞ்சா, யாருன்னு மூஞ்சியத் தடவிப் பார்ப்பாரு. உசிரோட இருக்கச்சயே அப்படித்தான்."

அவன் படுத்த அறையில் கோடு கிடையாது. மறுநாள் காலையில் அது நிலையைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. துடைத்தான். கையில் ஏறிய புண்ணாக்கு வாடை சோப்புக்கும் போகவில்லை. ராயப்பன்தான் விளையாடுகிறார் என்று முடிவுகட்டி, அவரை வெளியே அனுப்பி கேட்டைப் பூட்டினான்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மழை பிடித்தது. ஏரி படிகளை ஒவ்வொன்றாக விழுங்கும் சத்தம், ஜன்னல் கதவு முனகும் சத்தம், இவற்றுக்கு நடுவே ஈர உள்ளங்கை ஒன்று சுண்ணாம்புச் சுவரில் உராய்ந்தபடி, வழி தெரிந்த நிதானத்தோடு, கூடத்தைக் கடந்து வரும் சத்தம். விடிந்தால் வேலை. ஓடினால் போச்சு. காற்றில் விளக்கு அணைந்தது.

சத்தம் வாசலில் நின்றது.

புண்ணாக்கு வாடை.

நெற்றியில் ஒரு விரல். குளிர்ந்து, வழவழவென்று. மூக்கு. உதடு. மோவாய். திரும்ப மேலே.

"விருத்தாசலம்..." ராயப்பனைவிடப் பணிவாகச் சொன்னான். "விருத்தாசலம் வந்திருக்கேனுங்க, மொதலாளி."

விரல்கள் இமைகளின் மேல் வந்து நின்றன. எடுக்கவில்லை. மெல்ல அழுத்தின.